குழந்தைக்கு ஃப்ளூவா: அட்டை டெஸ்டா, மெஷின் டெஸ்டா?

மூக்குக்குள் பஞ்சுக் குச்சி போனதும் மூன்று வயதுக் குழந்தை போடும் கூச்சலில் வெளியே டோக்கனோடு காத்திருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் படுத்தி எடுக்கும் சளி எந்த டெஸ்டுக்குப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் அட்டை டெஸ்டுக்குத்தான். குச்சியை மருந்துத் திரவத்தில் முக்கிக் கலக்கி, அட்டையில் சில சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் கோடு தெரியும். இது தேடுவது வைரஸின் புரதத்தை. விலை குறைவு, மெஷினும் வேண்டாம். ஃப்ளூ பரவும் மாதங்களில் கோடு விழுந்தால் நம்பலாம். விழாவிட்டால்தான் சிக்கல். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஏ வகை ஃப்ளூ உள்ள 100 பேரில் சுமார் 54 பேரைத்தான் அட்டை பிடித்தது. மற்றவர்களுக்கு ‘நெகட்டிவ்’ என்று தாள் கொடுத்து அனுப்பியிருக்கும். குழந்தைகளிடம் கணக்கு இதைவிடத் தேவலை. அவர்கள் மூக்கில் வைரஸ் பெரியவர்களைவிட அதிகமாகவும் அதிக நாளும் இருக்கும்.

அதே அட்டையைக் கண்ணுக்குப் பதில் ஒரு சின்னக் கருவி படித்தால் 100-க்கு 80 வரை தேறுகிறது. பரவாயில்லை ரகம்.

அடுத்தது மூலக்கூறு டெஸ்ட். வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்ப்பதால் துளி இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். இதில் வேகமான ரகம் ஏ வகை ஃப்ளூவில் 100-க்குச் சுமார் 92 பேரையும், பி வகையில் 95 பேரையும் பிடிக்கிறது. வழக்கமான பி.சி.ஆர். சூடேற்றி, ஆற்றி, மறுபடி சூடேற்றிப் பல மணி நேரம் எடுக்கும். வேகமான ரகத்தைச் சேர்ந்த ஐ.டி. நவ் மெஷின் ஒரே வெப்பநிலையில் பெருக்குவதால் 13 நிமிடத்துக்குள் முடிவு வந்துவிடும். ஆனால் செலவு கூடுதல். ஒரு தடவைக்கு ஒருவரின் சளியைத்தான் ஓட்ட முடியும் என்பதால், மழைக்காலத்து ஓ.பி. கூட்டத்தில் வரிசை நகராது. அப்புறம், காய்ச்சல் தணிந்த பிறகும் மிச்சமிருக்கும் ஆர்.என்.ஏ.வை வைத்துப் ‘பாசிட்டிவ்’ சொல்லவும் கூடும்.

வைரஸ் வளர்ப்பு முறையும் இருக்கிறது. முடிவு வர 3 முதல் 10 நாள். அதற்குள் குழந்தை பள்ளிக்கே போயிருக்கும்.

என்னைக் கேட்டால், சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எந்த டெஸ்டும் வேண்டாம். லேசான காய்ச்சலுக்குப் பரிசோதனை தேவையில்லை என்பதுதான் இந்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) வழிகாட்டுதலும். மூச்சு வாங்குகிறது, ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உண்டு, வார்டில் சேர்க்க வேண்டும் என்றால் மூலக்கூறு டெஸ்டுக்கே என் ஓட்டு. அட்டை மட்டும்தான் கிடைக்கிறது, அதுவும் நெகட்டிவ் என்றால், டாக்டர் சந்தேகப்படும்போது அந்தத் தாளைக் காட்டி ஃப்ளூ மருந்தான ஒசெல்டாமிவிரைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் அந்த மருந்துக்கு முழுப் பலன்.

ஐந்தாம் நாள் வந்து அட்டை டெஸ்ட் கேட்பவர்களும் உண்டு. அதற்குள் மூக்கில் வைரஸ் குறைந்திருக்கும். கோடு விழாததில் ஆச்சரியமில்லை.