கேவன்சைட் வாங்குவோர் கவனத்திற்கு: பொய்ச் சீட்டுக்கு 18,500 ரூபாய் கொடுத்தேன்

நேற்றிரவுதான் ஏமாந்தது உறுதியானது. கோபம் இன்னும் அடங்கவில்லை. கனிம மாதிரிகளை இணையத்தில் விற்கும் ஒரு தளத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஒவைஹீ அணைப் பகுதியில் எடுத்தது என்று சொல்லி விற்ற நீல நிறக் கேவன்சைட் ஒன்றை 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் கனிமம் முதலில் அறியப்பட்ட இடங்களுள் ஒன்று அது என்பதால், சேகரிப்போரிடையே அந்த ஊர்ப் பெயருக்கே தனி மதிப்பு உண்டு. புனே அருகே வாகோலிக் கற்குவாரிகளில் இதைவிட அழகான துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இந்த அளவுத் துண்டை அங்கே 2,000 ரூபாய்க்குள் வாங்கித் தந்திருப்பேன் என்று நண்பர் ஒருவர் இப்போது சொல்கிறார்.

என்னை நம்பவைத்தது கல்லுடன் வந்த விவரச் சீட்டு. பழுப்பேறிய தாள், மடிப்பில் கிழிசல், சாய்வான கையெழுத்தில் கனிமத்தின் பெயர், ஊர், 1958 என்ற ஆண்டு. "ஒரு பெரியவருடைய சேகரிப்பிலிருந்து வந்தது ஐயா, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கல்லின் ஜாதகம்" என்று விற்பனையாளர் தொலைபேசியில் சொன்னார். அந்த ஒரு சொல்லில் மயங்கி அன்றே பணத்தை அனுப்பினேன்.

கல் வந்ததும் உறுத்தியது. ஓரிகன் படிகக் கொத்துகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். இதுவோ 12 மில்லிமீட்டர் உருண்டை. அடியிலிருந்த ஸ்டில்பைட் என்ற வேறொரு கனிமம் ஓரிகன், வாகோலி இரண்டிலும் கிடைப்பது என்பதால் அதை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. பிறகுதான் ஆண்டு உறைத்தது: கேவன்சைட்டை விவரித்த ஆய்வுக்கட்டுரை அச்சேறியதே 1973இல். கால்சியம், வனேடியம், சிலிக்கான் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து அறிஞர்கள் உருவாக்கிய பெயரை 1958இல் யார் எழுதியிருக்க முடியும்? பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் பேனா மையென்று நினைத்த கோடு முழுக்க அச்சுப்பொறியின் வண்ணப் புள்ளிகள்.

விற்ற தளத்தாரிடம் கேட்டதற்கு முதலில் "சீட்டு எங்களுக்கு வந்தபடியே கொடுத்தோம்" என்றார்கள். அடுத்த நாள், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது முறை, "கல் அசல்தானே, பிறகென்ன?" என்றார்கள். ஊருக்காகத்தானே 18,500 ரூபாய் கொடுத்தேன் என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரிபார்க்கும் முறைகளை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. சீட்டின் ஆண்டையும் கனிமத்திற்குப் பெயரிட்ட ஆண்டையும் ஒப்பிடுங்கள். சீட்டின் நெருக்கமான படத்தைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். முன்பு யார் யாரிடம் இருந்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜாதகம் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.