ஸ்ட்ராட் கிட்டாருக்கு பிரிட்ஜ் மாற்றப் போகிறீர்களா? என் 18,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. வந்ததிலிருந்து தூக்கம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதை எப்படி அளந்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

என்னிடம் இருப்பது வின்டேஜ் அமைப்பில் செய்த அமெரிக்க ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார். பிரிட்ஜ் (தந்திகள் வந்து சேரும் உலோகப் பாகம்) முன்பக்கம் ஆறு ஸ்க்ரூவில் நிற்கும் பழைய வகை. பெரியப்பா பையன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. பதினோரு வருடமாகக் கச்சேரிக்கு அதுதான். வீடு திருவான்மியூரில், கடற்கரை கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து சாடில் (ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சின்ன உலோகத் துண்டு) ஸ்க்ரூக்களைத் துருவாக்கிவிட்டன. இரண்டு சாடிலில் உயரம் மாற்றவே முடியவில்லை. சரி, மொத்தமாகப் புதிதாக மாட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. இப்போது யோசித்தால், ஸ்க்ரூக்களை மட்டும் மாற்றியிருந்தாலே போதும்.

எல்லாரும் வாங்கும் ஒரு ஆன்லைன் சந்தைத் தளத்தில் தேடினேன். 'முழு ஸ்டீல் பிளாக், ஸ்டெயின்லெஸ் சாடில், எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும்' என்று ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். பிளாக் என்றால் பிரிட்ஜின் அடியில் இருக்கும் கனமான உலோகக் கட்டி. விலை 14,500. ஆயிரத்து ஐநூறுக்கும் கிடைக்கிறதே, இது இவ்வளவு விலை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்து பிளாக்கைக் கையில் எடுத்தபோது நல்ல கனம். அந்த நிமிடத்தில்தான் முழுசாக நம்பினேன். துத்தநாகத்தில் வார்த்த பிளாக்கும் கிட்டத்தட்ட ஸ்டீல் அளவுக்கே கனக்கும் என்பது எனக்கு இன்று காலை வரை தெரியாது.

அடுத்து மாட்ட வேண்டும். நானே மாட்டியிருக்கலாம், ஆனால் பயம். நகரத்தில் கிட்டார் பழுது பார்க்கும் ஒரு சிறிய கடைக்கு எடுத்துப் போனேன். போனதும் அந்த ஆள் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, காதாலேயே டியூன் செய்து, மோகனத்தில் ஒரு சின்னத் துணுக்கு வாசித்தார். தந்தியை இழுத்து வளைக்கும் பெண்ட் எல்லாம் கமகம் மாதிரி அவ்வளவு சுத்தம். நான் விழுந்தது அங்கேதான். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வேலையும் தெரிந்திருக்கும் என்று நாமாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். "அண்ணே, இது ஒரு மணி நேர வேலை. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அப்புறம், "இல்ல, விட்டுட்டுப் போங்க, பொறுமையா செஞ்சு தரேன்" என்றார். கூலி 3,500. ஆக மொத்தம் 18,000.

அவர் பின்னால் சுவரில் ஒரு வேர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மணி நேர வேலைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தளத்தில் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்து வாமி பாரை (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கும் கம்பி) அழுத்தி விட்டால் சுருதி திரும்பி வரவில்லை. பழைய பார் உள்ளே போனால் நிற்காமல் லொட லொட என்று ஆடுகிறது. போன் செய்தேன். "புது ஸ்பிரிங், செட்டாக ரெண்டு வாரம் ஆகும்ணே" என்றார். அதையும் நம்பினேன்! பாரைத் தொடாமல் இரண்டு கச்சேரி ஓட்டினேன்.

நேற்று மூன்றாவது பாட்டு. ஒரு நீளமான சுரத்தை லேசாக அசைக்க பாரைத் தொட்டேன். 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம். முதல் தந்திப் பக்கத்து ஓர ஸ்க்ரூ மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது, பிரிட்ஜ் சாய்ந்து ஆறு தந்தியும் சுருதி இறங்கிப் போயின. கீபோர்டு தம்பி சமாளித்தான். நான் மீதி நேரம் முழுக்க மேடையில் கைதட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் மாமா வந்து "உங்க கிட்டார் ஏன் தம்பி வாசிக்கல?" என்று கேட்டது தனி.

இன்று காலை ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். நண்பனின் வேர்னியரை வாங்கி அளந்தேன். என் கிட்டாரில் ஆறு ஓட்டைகளில் முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளி 56 மில்லிமீட்டர். வந்த பிரிட்ஜில் 52.5. ஒவ்வொரு ஓரத்திலும் 1.75 மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது பொருந்தவே பொருந்தாது. அந்த மகானுபாவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? பழைய ஓட்டைகளில் பல்குத்தும் குச்சியையும் பசையையும் அடைத்து, அதன் விளிம்பிலேயே புது ஓட்டை போட்டிருக்கிறார். பாதி மரம், பாதி பசை. 10–46 தடிமன் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். குச்சி எவ்வளவு நேரம் தாங்கும்? போதாக்குறைக்கு ஆறு ஸ்க்ரூவையும் இறுக முடுக்கியிருக்கிறார். இந்த வகை பிரிட்ஜ் அந்த ஸ்க்ரூக்களில் கதவு கீலில் ஆடுகிற மாதிரி ஆட வேண்டும். இறுக்கிவிட்டால் எப்படித் திரும்பி வரும்?

பிளாக்கில் பிரிட்ஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை வைத்தேன். சமையலறை பிரிட்ஜ் காந்தம்தான், அதைச் சொல்கிறேன். ஒட்டவில்லை. அடியில் ஊசியால் கீறினால் மங்கலான சாம்பல் நிறம். துத்தநாகம். 'முழு ஸ்டீல்' என்று போட்டு 14,500 வாங்கியது இதற்குத்தான். பார் மாட்டும் ஓட்டை 6 மில்லிமீட்டர் மரை. என் பழைய பார் கிட்டத்தட்ட 4.8. ஆடாமல் என்ன செய்யும்?

தளத்தின் சாட்டில் எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." திருப்பும் காலம் முடிந்துவிட்டதாம், மேலும் 'பயன்படுத்திய பொருள்' ஆகிவிட்டதாம். விற்பனையாளரைக் கேட்டால், "எங்க ஐட்டம் யுனிவர்சல் சார், மாட்டினவர் தப்பு." மாட்டினவரைக் கேட்டால், "பொருள் நீங்க கொடுத்ததுண்ணே, மாட்டின கூலி மட்டும்தான் நான் வாங்கினேன்." இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. 18,000 ரூபாய்க்கு இருவர் பொறுப்பு, ஆனால் ஒருவரும் பொறுப்பில்லை.

எனக்கு வயிறு எரிவது அதைவிட இன்னொன்றுக்கு. என் பழைய பிரிட்ஜ்! அந்த பிளாக் உண்மையான ஸ்டீல். அது இருந்தால் மரத்தைச் சரி செய்து திரும்ப அதையே மாட்டிவிடலாம். கேட்டேன். "துருப்பிடிச்சதுதானே, குப்பையில போயிருக்கும்" என்றார். போயிருக்குமா, வேறு யார் கிட்டாரிலாவது உட்கார்ந்திருக்குமா, யாருக்குத் தெரியும். இன்று மதியத்திலிருந்து போன் எடுக்கவில்லை.

(இதில் ஒரு வேடிக்கை. பார் வைத்த இந்த பிரிட்ஜுக்கு 1954-இல் ஸ்ட்ராட் வந்தபோது 'டிரெமொலோ' என்று வைத்த பெயரே தப்பு. டிரெமொலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. சுருதி அசைந்தால் அது விப்ராட்டோ. ஸ்ட்ராட்டை உருவாக்கிய லியோ ஃபெண்டர் மாற்றி வைத்துவிட்டார், உலகம் இன்னும் அப்படியே சொல்கிறது. அவர் பெயர் வைப்பதில்தான் பிழை செய்தார், ஸ்டீல் என்று துத்தநாகத்தை விற்கவில்லை.)

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

வாங்கும் முன் ஓட்டை இடைவெளியை அளந்து பாருங்கள், 56-ஆ 52.5-ஆ என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'யுனிவர்சல்' என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம். பிளாக்கின் ஆழத்தையும் பாருங்கள், உங்கள் கிட்டார் மெலிந்த உடம்பாக இருந்தால் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டி வந்த அன்றே பிளாக்கில் காந்தம். பித்தளையிலும் ஒட்டாது, ஆனால் சாதாரண ஸ்டீல் என்று சொன்னால் ஒட்டியே ஆக வேண்டும். சாடிலில் காந்தம் வைத்துக் குழம்ப வேண்டாம், ஸ்டெயின்லெஸ் சிலது ஒட்டாது. உங்களைக் கேட்காமல் மரத்தில் ஓட்டை போடக் கூடாது என்று கடையில் சொல்லிவிடுங்கள். பழைய பாகங்களைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டுதான் காசு கொடுங்கள். இதைப் பெரிய எழுத்தில் படிக்கவும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஓட்டைகளைக் கெட்டியான மரக்குச்சி இறக்கி ஒட்டி, புதிதாகத் துளைக்க வேண்டும் என்று இன்னொரு ஆசாரி சொல்கிறார். அதற்குத் தனிக் காசு. சனிக்கிழமை அடுத்த கச்சேரி. ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜ், 56 இடைவெளி, நிஜ ஸ்டீல் பிளாக்கோடு பழையது யாரிடமாவது சும்மா கிடந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். நேரில் வருகிறேன், காந்தத்தோடு.