பாப்பா பார்ஸ்: பிழையைச் சொல்லும், கேட்டால் மட்டும்

ஒரு தளத்திலிருந்து அறிக்கையைத் தரவிறக்கி, அதன் ஒவ்வொரு வரியையும் பெயரும் மதிப்பும் கொண்ட பதிவாக்கி, அப்பதிவுகளை இன்னொரு தளத்தின் படிவத்தில் வரிசையாக நிரப்புவதுதான் இணையதளத் தானியக்க வேலைகளில் மிகுதியாகக் காணப்படும் வடிவம். தரவிறங்கும் கோப்பு பெரும்பாலும், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. ஆகவே இருக்கும். அதைப் பதிவுகளாக மாற்றும் நடுவேலைக்கு, உலாவியை நிரல்வழி இயக்கும் ப்ளேரைட் என்ற கருவியைக் கொண்டு எழுதிய என் நிரல்களில் பாப்பா பார்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்திவருகிறேன். மேட் ஹோல்ட் உருவாக்கிய இந்நூலகம் எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கிறது, வேறெந்த நூலகத்தையும் சார்ந்திராதது, உலாவியிலும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடிலும் இயங்கக்கூடியது.

வரியைக் காற்புள்ளியில் பிளந்தால் முடிகிற வேலைக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள், முகவரி நெடுவரிசை உள்ள ஒரு கோப்பையேனும் திறந்து பார்க்க வேண்டும். மதிப்புக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ வந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும், மேற்கோளே வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும் என்கிறது சி.எஸ்.வி. வடிவத்தை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம். இந்த வடிவம் பல்லாண்டுகள் புழங்கிய பிறகு, 2005-இல்தான் அந்த ஆவணம் வந்தது. அதுவும் தகவலுக்கானதே அன்றி, கட்டாயத் தரம் அன்று. ஆகவே ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி கோப்பைத் தருகிறது. வரிமுறிவில் பிளக்கும் கைநிரல், இரண்டு வரிகளில் எழுதப்பட்ட ஒரு முகவரியை இரண்டு அரைகுறைப் பதிவுகளாக்கிப் படிவத்தில் ஏற்றிவிடும். பாப்பா பார்ஸ் இவ்விடத்தில் தடுமாறுவதில்லை.

மதிப்புகளுக்கு நடுவே வரும் பிரிப்பான் எந்தக் குறி என்பதைத் தானே கண்டறியும் வசதியும் இதில் உண்டு. காற்புள்ளி, டேப், செங்குத்துக்கோடு, அரைப்புள்ளி ஆகியவற்றோடு, ஆஸ்கி என்ற எழுத்துக்குறி அட்டவணையில் 30, 31 ஆகிய எண்களில் உள்ள பிரிப்புக் குறிகளையும் முயன்று பார்க்கிறது. (பதிவுகளையும் புலங்களையும் பிரிப்பதற்கென்றே ஆஸ்கியில் ஒதுக்கப்பட்ட குறிகள் அவை; விசைப்பலகையில் அவற்றுக்கென்று தனி விசை இல்லாததாலோ என்னவோ, ஏறக்குறைய எவரும் சீண்டுவதில்லை.) கோப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த தானியக்கத்தில் பிரிப்பானை நாமே குறிப்பிட்டுவிடுவது நல்லது. ஊகத்துக்கு இடம் கொடுப்பது, முன்பின் தெரியாத கோப்புகளைப் பயனர் பதிவேற்றும் பக்கங்களுக்குத்தான் பொருந்தும்.

நான் சூடுபட்டது, உரையாக வரும் மதிப்புகளை எண் போன்ற வகைகளுக்கு மாற்றும் டைனமிக் டைப்பிங் என்ற தேர்வில். இயல்பாக அது அணைந்தே இருக்கும். எல்லா மதிப்புகளும் உரையாகவே வரும். எண்களைப் பின்னால் கூட்ட வேண்டியிருந்ததால், எல்லா நெடுவரிசைகளுக்கும் சேர்த்து அதை நான் இயக்கிவிட்டேன். சுழியத்தில் தொடங்கிய வாடிக்கையாளர் எண்கள் சுழியத்தை இழந்தன. இலக்கங்களுக்கு நடுவே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வந்த பொருட்குறியீடுகள் அடுக்குக்குறி எண்களாகக் கொள்ளப்பட்டு, 12-க்குப் பின் ஈயும் 4-உம் இருந்த குறியீடு 1,20,000 ஆயிற்று. படிவமோ எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. இது நூலகத்தின் பிழை அன்று, என் சோம்பல். எந்தெந்த நெடுவரிசைக்கு வகைமாற்றம் வேண்டும் என்று தனித்தனியே சொல்ல இத்தேர்விலேயே வழி இருக்கிறது. இப்போது தொகை, எண்ணிக்கை ஆகிய நெடுவரிசைகளுக்கு மட்டும் அதைச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாகத் தாங்கக்கூடிய 9007199254740991 என்ற எல்லையைத் தாண்டும் முழு எண்களை, வகைமாற்றம் இயங்கும்போதும் நூலகம் உரையாகவே விட்டுவிடுகிறது என்பது பாராட்டத்தக்க எச்சரிக்கை.

இந்நூலகத்தின் பெரிய நிறையும் பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு வரியில் புலங்கள் குறைந்தாலும் கூடினாலும், மேற்கோள் மூடப்படாமல் விடுபட்டாலும், அது வேலையை நிறுத்துவதில்லை. முடிந்தவரை மாற்றிவிட்டு, எந்த வரிசையில் என்ன வகைப் பிழை என்பதை ‘எர்ரர்ஸ்’ என்ற தனிப் பட்டியலில் சேர்த்துத் தருகிறது. புலங்களின் எண்ணிக்கைப் பிழை, தலைப்பு வரியைப் பெயர்களாகக் கொள்ளும்படி சொல்லியிருந்தால் மட்டுமே அப்பட்டியலில் வரும்; அப்போது மிகுந்துபோன மதிப்புகளையும் எறிந்துவிடாமல் ‘பார்ஸ்டு எக்ஸ்ட்ரா’ என்ற பெயரின்கீழ் அந்தப் பதிவிலேயே வைக்கிறது. திரைக்கு முன் ஓர் ஆள் அமர்ந்திருந்தால் இதைவிட நல்ல நடத்தை வேறில்லை. ஆனால் ஆளில்லாமல் இரவில் ஓடும் நிரலில், அப்பட்டியலை எவரும் திறந்து பார்க்காவிட்டால் பிழையுள்ள பதிவும் நல்ல பதிவைப் போலவே படிவத்துக்குப் போய்விடும். அதனால் மாற்றம் முடிந்ததும் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்று சோதித்து, இல்லையெனில் உலாவியைத் திறக்காமலேயே நிறுத்திவிடும்படி என் நிரலை அமைத்திருக்கிறேன். தலைப்பு வரியின் பெயர்கள் எதிர்பார்த்தவையா என்பதையும் அதே இடத்தில் ஒப்பிடுகிறேன்; தளம் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டால், அதை நூலகம் பிழையாகக் கருதாது, கருதவும் முடியாது.

தமிழ்த் தரவு கையாள்பவர்களுக்கு ஒன்று. யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். பெரிய கோப்பைப் பைட்டு அளவில் துண்டாடித் துண்டுகளைத் தனித்தனியே உரையாக்கினால், வெட்டு விழுந்த எழுத்து சிதையும். தானியக்கத்தில் வரும் கோப்புகள் பெரும்பாலும் சிறியவை; முழுக் கோப்பையும் உரையாகப் படித்துவிட்டு அந்த உரையை நூலகத்திடம் தருவதே என் வழக்கம்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு செயலை அழைக்கும் ‘ஸ்டெப்’ வசதியும், படிவம் நிரம்பும்வரை இடையில் நிறுத்திவைத்துப் பின் தொடரும் வசதியும் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் உலாவியில், பின்னணியில் தனியே இயங்கும் ஒர்க்கர் வழியே இயக்கும்போது நிறுத்தமும் தொடர்ச்சியும் கிடைப்பதில்லை; பாதிப் பதிவுகளை ஏற்றிய பிறகு கோப்பின் இறுதியில் பிழை தென்பட்டால் திரும்பிப் போகவும் வழியில்லை. சில ஆயிரம் வரிகள் கொண்ட கோப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நினைவகத்தில் அடங்காத கோப்பு வருகிற நாளில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.