மூன்று ஆண்டுகளாக ஒரு மாணவர் கையேட்டோடு

மகனின் மாணவர் கையேட்டுக்கு, அதாவது ஆசிரியரும் நானும் குறிப்பு எழுதிக்கொள்ளும் பள்ளி ஏட்டுக்கு, நேற்றிரவு மறுபடியும் டேப் ஒட்டினேன். இந்த ஆண்டில் மூன்றாவது முறை. வரும் ஜனவரியில் மகளைத் தொடக்கநிலை 1இல் சேர்க்கப்போகும் தோழி, "ஆசிரியரிடம் பேச எது அக்கா வசதி?" என்று கேட்டிருந்தாள். அவளுக்காகத்தான் இது.

பள்ளியும் பெற்றோரும் தொடர்புகொள்ளும் பேரன்ட்ஸ் கேட்வே செயலி எல்லார் கையிலும் இருக்கிறது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2019இல் கொண்டுவந்தது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக நுழைந்து, பள்ளி அழைத்துப்போகும் கற்றல் பயணத்துக்கான ஒப்புதலை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே கொடுத்துவிடலாம். அதில் எனக்குக் குறை இல்லை.

என் சிக்கல் நேரம். நான் தாதி. பணியில் கைபேசி லாக்கரில் கிடக்கும். மதியப் பணி முடிந்து வீடு வர இரவு பத்தாகிவிடும். மகனைப் பற்றி யோசிக்க எனக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். ஆசிரியர் தூங்கப் போகும் நேரமும் அதுதான். ஆசிரியர்கள் சொந்தக் கைபேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை என்று 2024 செப்டம்பரில் அமைச்சு சொன்னது. படித்ததும் கோபம் வந்தது. அப்புறம், என் விடுப்பு நாளில் நோயாளியின் குடும்பம் என்னை அழைத்தால் எடுப்பேனா என்று யோசித்தேன். எடுக்க மாட்டேன். சரி, நியாயம் அவர்கள் பக்கம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு என்ன சொல்வதெழுதுதல் என்று கேட்கலாம். பிள்ளையின் மனக்கஷ்டத்தை அங்கே எழுத மனம் வராது.

அப்படித்தான் கையேட்டுக்கு வந்தேன். முதல் ஆண்டில் உணவுப் பெட்டி இரண்டு வாரமாகத் தொடாமல் திரும்பி வந்தது. ஓர் இரவு, "இடைவேளையில் என்ன செய்கிறான்?" என்று எழுதிப் பைக்குள் வைத்தேன். மறுநாள் பச்சை மையில் மூன்று வரி: தனியாக உட்காரக் கூச்சப்படுகிறான், பக்கத்து மேசைப் பையனைச் சேர்ந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மறுபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எழுதவும் செய்தார். நான் இரவில் எழுதுவதை அவர் காலையில் படிக்கிறார். இருவரில் யாருடைய தூக்கமும் கெடவில்லை. அந்தப் பக்கத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதனால், கையேட்டைத் தினமும் திறந்து பார் என்றே தோழியிடம் சொல்வேன்.

ஆனால் போன வாரம் மகன், "பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று அழுதான். காரணம் சொல்லவில்லை. கையேட்டில் எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பையை மாணவர் பராமரிப்பு நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தான். ஆசிரியர் பதில் எழுதினாரா இல்லையா என்று திங்கட்கிழமை வரை தெரியாது. மூன்று இரவு அவன் பக்கத்தில் விழித்துக் கிடந்தேன். இப்போது கேட்டால், எனக்கு அந்த ஆசிரியரின் எண் வேண்டும்.