அம்புக்கு இறகு பொருத்துதல்: பறவை இறகா, பிளாஸ்டிக் இறகா?

வீட்டிலேயே அம்புக்கு இறகு பொருத்தப் பழகுபவர்கள் பறவை இறகு மரபு என்றும் பிளாஸ்டிக் இறகு நவீனம் என்றும் பிரித்து, மனத்துக்குப் பிடித்ததை வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் இதைத் தீர்மானிப்பது, அம்பு வில்லில் எதன்மேல் தங்கிப் புறப்படுகிறது என்பதே. திருகோணமலையில் மழையையும் காற்றையும் இதனுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தாங்கி (அம்பு தங்குவதற்காக வில்லில் பொருத்தும் சிறு பாகம்) இல்லாத மூங்கில் வில்லிலோ மரவில்லிலோ அம்பு கையின்மேல் அல்லது வில்லை ஒட்டியே நழுவிச் செல்லும். பறவை இறகு அங்கே உரசும்போது மடிந்து கொடுத்து, கடந்தவுடன் நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் இறகு அவ்வாறு மடியாமல் வில்லில் மோதி அம்பின் வாலைத் தள்ளிவிடும். ஆகவே அத்தகைய வில்லுக்குப் பிளாஸ்டிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாங்கி பொருத்திய வில்லில் இந்தத் தடை இல்லை. ஆயினும் 4 அங்குல இறகுகளை ஒப்பிட்டால், பறவை இறகு சுமார் 3 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) நிறையும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 7 அல்லது 8 கிரெயினும் இருப்பதால், மூன்று இறகுகளுக்குமாகச் சேர்த்து அம்பின் பின்பக்கம் ஏறக்குறைய ஒரு கிராம் கூடிவிடும்.

வடகீழ்ப் பருவமழையில் நிலைமை தலைகீழாகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் நனைந்த பறவை இறகு அம்பின் தண்டோடு படிந்துவிடும். நீர் ஒட்டாத தூள் தடவினாலும் சிறிது நேரமே தாங்கும். பிளாஸ்டிக்கை உதறிவிட்டு அடுத்த அம்பை எய்யலாம். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிலோ எந்தப் பொருளானாலும் பெரிய இறகு குறுக்குக் காற்றுக்கு இழுபடும். 18 மீற்றர் உள்ளரங்கப் பயிற்சியில் அம்பை விரைவில் நிலைப்படுத்தும் பெரிய இறகு நல்லது. வெளியில் 70 மீற்றருக்குச் சிறியதே உகந்தது.

கைவேலையில் பறவை இறகு அதிகப் பொறுமை கேட்கும். வாத்தின் அல்லது வான்கோழியின் சிறகிலிருந்து உதிர்ந்த நீண்ட இறகை எடுத்து, நடுக்காம்பை பிளேட்டால் நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சோறு எனப்படும் வெண்மையான மென்பகுதி தெரியும். காம்பு தண்டின்மேல் ஆடாமல் அமரும்வரை அதைத் தேய்க்க வேண்டும். ஓர் அம்பின் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்பதை நான் அம்பைக் கெடுத்தே கற்றேன்: இரண்டு இடச்சிறகு இறகுகளுடன் ஒரு வலச்சிறகு இறகை ஒட்டியிருந்தேன். இயல்பான வளைவு எதிரெதிராக இருந்ததால் அம்பு ஒழுங்காகச் சுழலாமல் தள்ளாடியது. மயில் தோகையை நாடுபவர்களும் உண்டு. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதவை, அலங்காரத்துக்கு அப்பால் அம்புக்கு உதவா.

பிளாஸ்டிக்கில் இடம், வலம் என்ற குழப்பம் இல்லை, வெட்டும் வேலையும் இல்லை. ஆனால் தண்டையும் இறகின் அடியையும் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. நம்மூர் ஈரக்காற்றில் சூப்பர் குளூ விரைவாக இறுகுவதோடு சுற்றிலும் வெண்பூச்சாகப் படரும். குறைவாகத் தொட்டு வைப்பதே பரிகாரம். மரத் தண்டில் பறவை இறகுக்கு நூல்கட்டும் பயன்படும். அது அழகாயிருக்கும், பழுதானால் அவிழ்த்துத் திருத்தலாம், ஆனால் ஓர் அம்புக்கே நீண்ட நேரம் பிடிக்கும்.

இறகுகளை 120 பாகை இடைவெளியில் நிறுத்த ஜிக் என்னும் கருவி கிடைக்கிறது. இரண்டு, மூன்று அம்புகளுக்காக அதை வாங்குவது வீண். கடதாசிக் கீற்றைத் தண்டில் ஒருமுறை சுற்றி, அந்த நீளத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். 8 மில்லிமீற்றர் தண்டில் புள்ளிகள் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர் தூரத்தில் அமையும். முதல் இறகை, நாண் நுழையும் குதையின் பிளவுக்குச் செங்குத்தாக வையுங்கள்.

என் கணக்கில் மூங்கில் வில்லுக்குப் பறவை இறகும், தாங்கியுள்ள வில்லுக்கு மழைக்காலத்தில் பிளாஸ்டிக்கும் சரி. கையின்மேல் அம்பு வைத்து எய்பவர்கள் ஒன்றைத் தவறவிடக் கூடாது: இறகுக்காம்பின் முன்முனை சற்றே கிளம்பியிருந்தாலும் எய்யும் வேகத்தில் அது கைத்தோலைக் கிழித்துக்கொண்டு போகும். அந்த முனையை நூலால் நான்கைந்து சுற்றுச் சுற்றி, மேலே ஒரு துளி பசை விட்டு, விரலால் தடவிப் பார்த்த பின்பே அம்பை நாணில் பூட்டுங்கள்.