குதிரைக் காலில் அடி: அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

பந்தயக் குதிரையின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கமாக ஓடும் டெண்டன்தான் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு) அடிக்கடி அடிபடுகிறது. அந்த இடத்தில் தசையே கிடையாது, தோலுக்கு அடியில் டெண்டன்தான். முழு வேகத்தில் ஓடும்போது அது 16 சதவீதம் வரைகூட நீள்கிறது; உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. நார்கள் பெரும்பாலும் நடுவில்தான் அறுகின்றன. வெளியே தெரிவதோ கொஞ்சம் வீக்கம், தொட்டால் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயை இங்கே போட்டியிலேயே சேர்க்க வேண்டாம், அது எலும்புக்கானது. மயிரிழை விரிசலாக இருந்தால் எலும்பிலும் முதல் நாளே தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

டெண்டனுக்கு அல்ட்ராசவுண்டையே முதலில் எடுக்கச் சொல்வேன். ரோமத்தை மழித்துக் கழுவி, ஜெல் தடவி, லாயத்திலேயே நிற்க வைத்துப் பார்த்துவிடலாம். குறுக்குவெட்டில் நல்ல டெண்டன் ஒரே சீரான வெளிர் சாம்பல் நிறம். கிழிந்திருந்தால் நடுவில் கறுப்பாக ஒரு குழி. டெண்டனின் குறுக்குவெட்டுப் பரப்பை அளந்து, அடுத்த காலோடு ஒப்பிடுவார்கள். அடிபட்ட அன்றே பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. முதல் ஓரிரு வாரங்களில் குழி பெரிதாகக்கூடும் என்பதால் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

இதன் பலவீனம் பிடிக்கும் கையில் இருக்கிறது. காலில் வைத்துப் பிடிக்கும் புரோப் சற்றே சாய்ந்தால் நல்ல நாரும் கறுப்பாகத் தெரியும். குதிரை அந்தக் காலில் எடை போடாமல் தளர்த்தி நின்றாலும் அப்படித்தான். பழகாத கை, இல்லாத காயத்தைக் கண்டுபிடித்துவிடும்.

குளம்புக்குள் போனால் கதை மாறுகிறது. குளம்பின் கெட்டியான சுவரை ஒலி அலை தாண்டாது. உள்ளடுக்கில் ஓடிக் குளம்புக்குள் இறங்கும் ஆழ டெண்டன் அங்கே கிழிந்திருந்தாலோ, எலும்புக்குள் நீர் கோத்திருந்தாலோ காட்டிக்கொடுப்பது எம்.ஆர்.ஐ.தான். முன்பு இதற்குக் குதிரையை முழு மயக்கத்தில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போது காலை முறித்துக்கொள்ளும் ஆபத்து குதிரைக்கு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் நின்றபடியே எடுக்கும் கருவி வந்த பிறகு லேசான மயக்க ஊசி போதும் என்றானது. காந்தக் கருவி என்பதால் லாடத்தைக் கழற்றி, உடைந்த ஆணித் துணுக்குகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிற்கும் குதிரை ஆடும். காலில் மேலே போகப் போக ஆட்டம் கூடி, படமும் மங்கும்.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி நல்ல வழி. குளம்புப் பகுதி மரத்ததும் நொண்டல் நின்றால், காலில் அல்ட்ராசவுண்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்கு 2021 முதல் சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனைகள் கட்டாயம் ஆனதைச் சொல்லி, அல்ட்ராசவுண்டின் காலம் முடிந்தது என்று சிலர் பேசுகிறார்கள். அங்கே தேடுவது முக்கியமாக எலும்பு முறிவின் முன்னறிகுறிகளை. 2020 பந்தயத்தில் ஆந்தனி வான் டைக் என்ற குதிரை எலும்பு முறிந்து இறந்த பிறகு வந்த விதி அது. டெண்டனுக்கு அது பதில் ஆகாது.

காயம் ஆறுவதைப் பின்தொடர்வதில் அல்ட்ராசவுண்டுக்கு இணையே இல்லை என்பேன். நொண்டல் சில வாரங்களில் போய்விடும். டெண்டன் ஆற 9 முதல் 12 மாதம், சில சமயம் அதற்கு மேலும். இந்த இடைவெளியில்தான் அவசரப்பட்டு ஓட்டி, மறுபடி அறுத்துவிடுகிறார்கள். பாவம், குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நடையிலிருந்து துள்ளோட்டத்துக்கும், அதிலிருந்து ஓட்டத்துக்கும் மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் வேண்டும். முந்தைய அளவைவிட டெண்டனின் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் வேலையைக் குறைத்தாக வேண்டும். இத்தனை முறை எம்.ஆர்.ஐ. எடுக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஒன்று மட்டும் கவனம். கறுப்புக் குழி நிரம்பிவிட்டாலே பலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் உருவாகும் நார் தாறுமாறாகக் கிடக்கும். நீளவாக்குப் படத்தில் கோடுகள் இணையாக ஓடுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தவரை ஒரே மருத்துவர், ஒரே கருவி, முட்டிக்குப் பின்னால் உள்ள எலும்பிலிருந்து அதே சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால்தான் இரண்டு மாதம் முந்தைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட முடியும்.