மாத்திரையை நிறுத்திய பின், ஊசியை நிறுத்திய பின்

கருத்தடையை நிறுத்திய பிறகு உடலில் என்னென்ன மாற்றம் வரும் என்று கேட்கும் பெண்ணிடம், எந்த முறையை நிறுத்தினார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் மாலா-என் மாத்திரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் ஹார்மோன் வழியாகவே கருவைத் தடுக்கின்றன என்றாலும், உடலைவிட்டு நீங்கும் வேகத்தில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

மாலா-என் அட்டையிலுள்ள 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன் கொண்டவை. மீதி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாட்களில் படும் உதிரம், ஹார்மோன் நின்றதால் படுவதே தவிர, கருமுட்டை வெளிப்பட்டபின் வரும் இயல்பான மாதவிடாய் ஆகாது. மாத்திரையை விட்டதும் ஹார்மோன் சில நாட்களில் நீங்கிவிடுவதால், பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் சொந்த மாதவிடாய் வந்துவிடும். மாத்திரை அடக்கி வைத்திருந்த வயிற்றுவலியும் அதிக உதிரப்போக்கும் கூடவே திரும்பலாம். முகப்பரு திரும்புவதற்கும் காரணம் உண்டு: மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரலில் பெருக்குகிறது; மாத்திரை நின்றதும் அப்புரதம் குறைய, விடுபட்ட டெஸ்டோஸ்டிரோனால் சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் மீண்டும் தூண்டப்படுகின்றன. சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு. மாத்திரையால்தான் நீர்க்கட்டி வந்தது என்று பலர் வருந்துகிறார்கள். முன்பே இருந்த கோளாற்றை மாத்திரை மறைத்திருந்தது என்பதே பெரும்பாலும் உண்மை.

அந்தரா ஊசியில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. தசையில் தேங்கும் 150 மில்லிகிராம் மருந்து மெல்லக் கரைவதால், போட்டபின் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அடுத்த ஊசியைத் தவிர்த்த பின்னும் பல மாதம் தீட்டு வராமலோ, திட்டுத்திட்டாக மட்டும் பட்டோ இருக்கலாம். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இந்தத் தாமதத்தைக் கண்டு வீட்டார் அப்பெண்ணை மலடி என்று பேசுவது கொடுமை, மருத்துவ ரீதியாகவும் தவறு. ஊசியால் குறைந்த எலும்பு அடர்த்தி, நிறுத்தியபின் பெரும்பாலும் மீள்கிறது. கூடிய எடை மட்டும் தானாக இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் பெரும்பாலும் அங்கேயே செயல்படுவதால், எடுத்தபின் மாதவிடாய் விரைவில் திரும்பும்.

ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்பவருக்கு ஊசியைவிட மாத்திரையே ஏற்றது என்பேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவருக்கோ மாலா-என் பொருந்தாது. ஊசியைப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போடலாம்.

மாத்திரையை விட்டு மூன்று மாதமாகியும் தீட்டு வரவில்லையென்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏனெனில் முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டு விடுகிறது. கர்ப்பம் இல்லையென்றால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) அளவுகளை மருத்துவர் பார்ப்பார்.